உலகத்தில் கேஸ் விலை இறங்கினால் என் வீட்டு பில் ஏன் இறங்குவதில்லை?

கேள்வி, 2 ஜூன் 2025

ஜூன் மாதத்துக்கு உள்நாட்டு எரிவாயு விலை 6.75 டாலரிலிருந்து 6.41 ஆகிவிட்டது, இரண்டு வருடத்தில் முதல் குறைப்பு என்று செய்தி. எங்கள் அடுக்ககத்துக்குக் குழாய் கேஸ் வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. ரேட் ஒரு பைசா அசையவில்லை. ஏறும்போது மட்டும் உடனே ஏற்றுகிறார்கள். இறங்கும்போது அந்தப் பணம் எங்கே போகிறது? கம்பெனிக்காரன் அமுக்கிவிடுகிறானா?

2 ஜூன், இரவு

திட்டுவதற்கு முன்னால் கணக்கைப் போட்டுவிடலாம். 6.41 என்பது ஒரு எம்எம்பிடியு (கேஸை அதன் சூட்டை வைத்து அளக்கும் அலகு) விலை. வீட்டு மீட்டரில் ஓடுவது எஸ்சிஎம், அதாவது கன மீட்டர். ஒரு எம்எம்பிடியு ஏறக்குறைய 26.8 எஸ்சிஎம் (கேஸின் சூட்டுத்திறனைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்). இறங்கியது 34 சென்ட், அதாவது 29 ரூபாய். 26.8ஆல் வகுத்தால் எஸ்சிஎம்முக்கு ஒரு ரூபாய் எட்டு பைசா.

முழுவதையும் அப்படியே கொடுத்தாலும் சின்னக் குடும்பத்துக்கு மாதம் பத்துப் பன்னிரண்டு ரூபாய்தான் மிச்சம். ஒரு காபிக்குக் காணாது. அதுவும் ஜூன் மாதத்துக்கு மட்டும். ஜூலையில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ரேட்டைத் தொடாமல் விட்டிருப்பார்கள். அமுக்கவே இல்லை என்று சொல்ல வரவில்லை, அதற்கு வேறு கணக்கு இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

3 ஜூன்

நான் சில வருடம் குஜராத்தில் மோர்பியில் ஒரு டைல்ஸ் ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்தவன். பகலில் ஆலை கேஸ் பில், மாலையில் வீட்டு கேஸ் பில். ஒரே ஊர், ஒரே குழாய். எஸ்சிஎம்முக்கு ரேட் மட்டும் வேறு வேறு. இதைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

அரசு எண்ணெய் நிறுவனங்களான ஓஎன்ஜிசியும் ஆயில் இந்தியாவும் பழைய வயல்களில் எடுக்கும் கேஸுக்கு அரசு ஒரு விலை வைக்கிறது. நீங்கள் சொன்ன 6.41 அதுதான். அந்த மலிவு கேஸ் கொஞ்சம்தான் இருக்கிறது. 2014 முதல் நகர விநியோகத்தில் வீட்டு அடுப்புக்கும் வண்டி சிஎன்ஜிக்கும் அதில் முதல் இடம். ஹோட்டலுக்கும் ஆலைக்கும் அதில் பங்கு கிடையாது. அவர்களுக்குக் கப்பலில் வரும் எல்என்ஜி, அதாவது குளிரவைத்துத் திரவமாக்கிய வெளிநாட்டு கேஸ். அது உலகச் சந்தையோடு ஆடும்.

ஆகவே உலகத்தில் விலை இறங்கினால் முதலில் இறங்குவது ஆலை பில். ஏறினாலும் முதல் அடி ஆலைக்குத்தான். வீட்டுக்கு அந்த ஆட்டம் தாமதமாக, வடிகட்டித்தான் வந்து சேரும்.

3 ஜூன், மறுபடி

"அப்போ 6.41ஐ யார் முடிவு செய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலையில் பத்து சதவீதம், மாதா மாதம். எண்ணெய் 64 டாலர் என்றால் கேஸ் 6.4. 2023 ஏப்ரலில், அரசு அமைத்த கிரீத் பாரிக் குழு சொன்னதை ஒட்டி வந்த ஏற்பாடு இது. 4 டாலருக்குக் கீழே போகாது. மேலே 6.5 உச்சவரம்பு, இரண்டு வருடம் அப்படியே. பிறகு வருடத்துக்கு 25 சென்ட் கூடும். அதனால்தான் இந்த ஏப்ரலில் 6.75 ஆனது.

புது முறையின் முதல் மாதமே பத்து சதவீதக் கணக்குப்படி 7.92 வந்தது, கொடுத்தது 6.5. அதன் பிறகு இரண்டு வருடமாகக் கணக்கு விலை வரம்புக்கு மேலேயே இருந்தது, நாம் வரம்பு விலையிலேயே இருந்தோம். இந்த ஜூனில்தான் எண்ணெய் இறங்கி, கணக்கு விலை வரம்புக்குக் கீழே வந்திருக்கிறது.

5 ஜூன்

ஏறும்போது எவ்வளவு ஏற்றினார்கள், இறங்கும்போது எவ்வளவு இறக்கினார்கள் என்பதற்கு டெல்லியை எடுத்துக்கொள்கிறேன். அங்கே கேஸ் விநியோகிக்கும் ஐஜிஎல் கம்பெனியின் ரேட்டெல்லாம் பத்திரிகையில் வந்துவிடும், சரிபார்ப்பது எளிது.

2020 அக்டோபரில் அரசு விலை 1.79 டாலர். அப்போது டெல்லி வீட்டு கேஸ் 27.50 ரூபாய். 2022 அக்டோபரில் அரசு விலை 8.57, வீட்டு கேஸ் 53.59. மூல விலை கிட்டத்தட்ட ஐந்து மடங்கு ஏறியபோது வீட்டு ரேட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. வீட்டு ரேட்டுக்குள் குழாய் செலவு, விநியோகச் செலவு, வரி, லாபம் எல்லாம் இருக்கின்றன. அவை கேஸ் விலையோடு சேர்ந்து ஆடுவதில்லை.

ரூபாயில் பார்த்தால் கதை கொஞ்சம் மாறும். டாலர் மதிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் மூல விலை எஸ்சிஎம்முக்கு 21 ரூபாய் போல ஏறியது. வீட்டு ரேட் ஏறியது 26. அதிகப்படி ஐந்து ரூபாய்க்குப் பெரிய காரணம், மலிவு கேஸ் போதாமல் கப்பல் கேஸைக் கலக்க வேண்டி வந்ததுதான் என்பது என் கணிப்பு.

இனி இறக்கம். 2023 ஏப்ரலில் 8.57லிருந்து 6.5க்கு வந்தது. அது எஸ்சிஎம்முக்கு 6 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். டெல்லியில் குறைத்தது 5 ரூபாய், 48.59 ஆனது. மும்பையிலும் அதே 5 ரூபாய், 49 ஆனது. உங்கள் "அமுக்கிவிடுகிறானா"வுக்கு என் பதில்: ஒரு ரூபாய் சொச்சம் அங்கேயே தங்கிவிட்டது. கொள்ளை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தங்கியது.

5 ஜூன், பின்குறிப்பு

ஓஎன்ஜிசி பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. 1.79 டாலர் உற்பத்திச் செலவுக்கே கட்டவில்லை என்று அவர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் நாம் மலிவாகச் சமைத்தது அவர்கள் கணக்கில்தான். பழைய சூத்திரம் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ரஷ்யா விலைகளின் ஓராண்டுச் சராசரியை எடுத்து, அதையும் மூன்று மாதம் தள்ளி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அமல்படுத்தும். அங்கே விலை விழுந்தது இங்கே தெரியவே ஒரு வருடம் போல ஆகிவிடும். 2021 குளிர்காலத்தில் ஐரோப்பா விலை கொளுத்தியபோது இந்தியாவில் 2.90. அந்தச் சூடு 2022 ஏப்ரலில் 6.10 ஆகவும் அக்டோபரில் 8.57 ஆகவும் இங்கே வந்து சேர்ந்தது.

9 ஜூன்

ஆலைக் கதை கேட்கிறார்கள். கொஞ்சம் நீளும்.

மோர்பியில் முன்பெல்லாம் நிலக்கரியிலிருந்து கேஸ் எடுக்கும் கருவிகள் ஓடின. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவற்றை மூடச் சொன்னது. எல்லோரும் குழாய் கேஸுக்கு ஓடினோம். காற்று சுத்தமானது, துணி காயப்போட்டால் கரி படியவில்லை. 2020ல் கொரோனா வந்து உலகத்தில் எல்என்ஜி இரண்டு டாலருக்கும் கீழே போனது. முதலாளி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

அடுத்த வருடக் கடைசியிலிருந்து தலைகீழ். எஸ்சிஎம் 30களில் இருந்தது 60ஐத் தாண்டியது. 2022 மார்ச்சில் உக்ரைன் போர் தொடங்கிய கையோடு ஆசியச் சந்தையில் எல்என்ஜி 84 டாலரைத் தொட்டது. டைல்ஸ் செலவில் மூன்றில் ஒரு பங்கு எரிபொருள்தான். சூளை என்பது நூறு மீட்டருக்கு மேல் நீளமான குகை, உருளைகள் மேல் டைல்ஸ் நகர்ந்துகொண்டே போகும், நடுவில் 1,200 டிகிரி வரை சூடு. இன்று விலை அதிகம், நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று அணைக்க முடியாது. அணைத்தால் ஆற வைக்கவும் மறுபடி சூடேற்றவும் நாள் கணக்கில் போகும்.

ஒப்பந்தத்தில் வேறு ஒரு கொக்கி. குறைந்தபட்சம் இவ்வளவு எடுப்பேன் என்று கையெழுத்துப் போட்டால் ஒரு ரேட். போடாவிட்டால் அதிக ரேட். போட்டுவிட்டு எடுக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டும். மாதம் பிறந்தால் எவ்வளவுக்குக் கையெழுத்துப் போடுவது என்பதே ஒரு சூதாட்டம். ஆர்டர் குறைந்த மாதம் என்றால் எரிக்காத கேஸுக்கும் காசு.

2022 ஆகஸ்டில் ஊரே சேர்ந்து ஏறக்குறைய ஒரு மாதம் ஆலைகளை மூடியது. அந்த ஒரு மாதத்திலும் என் வீட்டு அடுப்பு வழக்கம்போல நீலமாக எரிந்துகொண்டிருந்தது, ஆலை ரேட்டைவிடக் குறைந்த ரேட்டில். வேலைக்கு வந்திருந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

9 ஜூன், தொடர்ச்சி

அப்புறம்தான் புரொப்பேன் வந்தது. ஆலைக்குப் பின்னால் பெரிய வெள்ளைத் தொட்டி வைத்து, லாரியில் வரும் புரொப்பேனை எரிப்பது. அதன் விலை சவுதி அராம்கோ மாதம் ஒருமுறை அறிவிக்கும் விலையை ஒட்டிப் போகும். 2022 ஏப்ரலில் டன் 940 டாலர், செப்டம்பரில் 650, 2023 ஜூலையில் 400. இதற்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவு (வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) வேறு கிடைக்கும். இயற்கை எரிவாயு இன்றுவரை ஜிஎஸ்டிக்கு வெளியே, கட்டின வாட் வரிக்கு அந்த வசதி இல்லை. பாதி ஊர் புரொப்பேனுக்கு மாறியது. உடனே குழாய் கேஸ் ரேட்டும் இறங்கி வந்தது!

விலை இறங்குவதற்கு உலகச் சந்தை மட்டும் போதாது, போக வேறு இடமும் இருக்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான். வீட்டுக்காரருக்கு என்ன வழி இருக்கிறது? சிலிண்டர் ஒன்றுதான்.

11 ஜூன்

சிலிண்டரோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று கேட்டதற்கு: 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் சூடு சுமார் 17, 18 எஸ்சிஎம் குழாய் கேஸுக்குச் சமம். சென்னையில் ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றிய பிறகு வீட்டு சிலிண்டர் 868.50. வகுத்தால் எஸ்சிஎம்முக்கு 48 முதல் 51 ரூபாய். உங்கள் பில்லில் இருக்கும் ரேட்டை இதோடு வைத்துப் பாருங்கள். இதற்கு மேலே போனால் நீங்கள் சிலிண்டருக்குத் திரும்பிவிடுவீர்கள், ரொம்பக் கீழே விற்கவும் அவர்களுக்கு அவசரம் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லும் கம்பெனிக்குக்கூட சிலிண்டர் விலை மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கும்.

ஹோட்டல்காரர் பாவம். 19 கிலோ வணிக சிலிண்டர் இந்த ஜூன் 1 அன்று சென்னையில் 1,881. கிலோ 99 ரூபாய். வீட்டுக்காரருக்குக் கிலோ 61. ஜிஎஸ்டி அவருக்கு 18 சதவீதம், நமக்கு 5. அவர் விலை மாதா மாதம் ஒன்றாம் தேதி மாறும், நம் விலை தேர்தலையும் பார்த்து மாறும். நான் சாப்பிடும் மெஸ் அண்ணாச்சி ஒன்றாம் தேதி காலையில் முதலில் பார்ப்பது இந்த விலையைத்தான். ஏறினால் பரோட்டா விலை அன்றே ஏறாது, சைஸ் குறையும்.

16 ஜூன்

"அமெரிக்கா மாதிரி சந்தைக்கு விட்டுவிட்டால் எல்லாருக்கும் ஒரே விலை ஆகிவிடும்" என்கிறார் ஒரு அன்பர். ஆகாது சார். 2020ல் அங்கே கேஸ் தண்ணீர்பட்ட பாடு. 1,000 கன அடிக்கு ஆலை கொடுத்தது சராசரி 3 டாலர் சொச்சம். வீடு கொடுத்தது 10.78. மெல்லிய குழாயில் வீடு வீடாகக் கொண்டுபோவதற்கு ஆகும் செலவு அது. இன்னொரு வேடிக்கை: அதே வருடம் வீட்டு விலை ஜனவரிக் குளிரில் 9 டாலர் சொச்சம், ஆகஸ்டு வெயிலில் 18க்கு மேல். கேஸ் விலை ஏறியதால் அல்ல. மாத நிலைக்கட்டணம் அப்படியே இருக்கிறது, எரிப்பது குறைவு, யூனிட்டுக்கு வகுத்தால் கூடித் தெரிகிறது. வெளியூர் போய்விட்டு வந்த மாதம் நம் பில்லைப் பார்த்தாலும் இந்தக் கதைதான்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் பனிப்புயலில் சில நாட்கள் கேஸ் விலை பல மடங்கு ஏறியது. வீட்டுக்காரருக்கு அந்த மாதமே அதைப் போடவில்லை. பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்கி, பல வருடத் தவணையாக பில்லில் சேர்த்துவிட்டார்கள்.

17 ஜூன்

நேற்று எழுதியதைப் படித்த பிறகு எனக்கே இன்னொன்று தோன்றியது. வேகமாக விலை மாறுவது நல்லதா கெட்டதா என்று பொதுவாகச் சொல்ல முடியாது, எந்த வருடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. கத்தார் ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

இங்கே எல்என்ஜி இறக்குமதி செய்யும் பெட்ரோநெட்டுக்கும் கத்தார் நிறுவனம் ராஸ்கேஸுக்கும் வருடம் 75 லட்சம் டன்னுக்கு நீண்டகால ஒப்பந்தம். அதில் விலை 60 மாத எண்ணெய்ச் சராசரியில் ஓடியது. 2014 கடைசியில் எண்ணெய் சரிந்தது. 2015ல் சந்தையில் எல்என்ஜி 7 டாலர் வாக்கில் கிடைக்க, ஒப்பந்த விலை 12, 13ல் நின்றது. ஐந்து வருடப் பழைய விலைகளைக் கூட்டி வகுத்தால் வேறென்ன வரும்? இந்திய ஆலைகள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டன. எடுக்காததற்கு அபராதம் 12,000 கோடி ரூபாய் போல வந்தது. 2015 டிசம்பரில் பேசி முடித்து, மூன்று மாத பிரென்ட் கச்சா எண்ணெய்ச் சராசரிக்கு மாற்றினார்கள். அபராதமும் தள்ளுபடி. விலை ஏறக்குறைய பாதியானது.

அப்போது எல்லோரும் நீண்டகால ஒப்பந்தத்தைத் திட்டினோம். 2022ல் சந்தை விலை 30, 40 என்று போனபோது அதே ஒப்பந்தம் உள்ளவன் எண்ணெயை ஒட்டிய விலையில், பல மடங்கு குறைவாக, நிம்மதியாக எரித்தான். ஒப்பந்தம் இல்லாமல் அன்றாடம் வாங்கியவன் கதவைச் சாத்தினான். 2024 பிப்ரவரியில் அந்த ஒப்பந்தத்தை 2048 வரை நீட்டியிருக்கிறார்கள். எந்த வருடம் இதற்காக வருத்தப்படுவோமோ!

20 ஜூன்

விவசாயி, மின்நிலையம் இரண்டையும் விட்டுவிட்டேன் என்று ஞாபகப்படுத்தினார்கள். சுருக்கமாக.

யூரியாவுக்கு மூலப்பொருளே கேஸ்தான். ஆனால் 45 கிலோ மூட்டையின் அரசு விலை 242 ரூபாய், 2018லிருந்து. வேப்பெண்ணெய்ப் பூச்சு, வரி சேர்த்துக் கடையில் 266.50. கேஸ் 2 டாலர் ஆனாலும் 20 டாலர் ஆனாலும் விவசாயிக்குத் தெரியாது. ஏற்றம் முழுவதையும் மத்திய பட்ஜெட் விழுங்கும். 2022-23ல் உர மானியம் மொத்தமாக இரண்டரை லட்சம் கோடி. ஆக அந்த விலை நம் வரியில் வந்து சேர்கிறது.

மின்நிலையம் விலை ஏறினால் புலம்பாது, வாங்குவதை நிறுத்திவிடும். கிருஷ்ணா கோதாவரி படுகையின் டி6 கேஸ் வயலை நம்பிக் கட்டிய நிலையங்கள் அந்த உற்பத்தி சரிந்ததும் படுத்துவிட்டன. நாடு முழுவதும் கேஸ் மின்திறன் 2025 தொடக்கத்தில் சுமார் 25,000 மெகாவாட் இருந்தது, பெரும்பகுதி வெயில்காலத்தில் கரண்ட் தட்டுப்பாடு வந்தால்தான் எழுந்திருக்கும். நம் பக்கம் குத்தாலம், திருமாக்கோட்டை, வழுதூர் நிலையங்கள் காவிரிப் படுகைக் கிணற்றுக் கேஸில் ஓடுவதால் அவர்கள் கதை தனி.

2 ஜூலை

ஜூலை விலை வந்துவிட்டது. கணக்குப்படி 6.89, வரம்பு 6.75, ஆகவே 6.75. ஜூன் குறைப்புக்கு ஆயுள் முப்பது நாள். ரேட்டை ஒரு ரூபாய் இறக்கியிருந்தால் இன்றைக்கு ஏற்றியிருப்பார்கள், நீங்கள் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பீர்கள்.

8 ஜூலை

ஆட்டோ ஓட்டும் ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார்: "வீட்டுக்கும் சிஎன்ஜிக்கும் ஒரே வரிசை என்றீர்கள், எங்களுக்கு மட்டும் ஏன் அடிக்கடி ஏறுகிறது?" நியாயமான கேள்வி, அங்கே கோட்டைக் கொஞ்சம் நுணுக்கமாகப் போட்டிருக்க வேண்டும். வரிசை ஒன்றுதான், வீடு ஒரு அடி முன்னால் நிற்கிறது. பழைய வயல்களில் உற்பத்தி குறைந்துகொண்டே வருகிறது, வண்டிகளோ கூடிக்கொண்டே போகின்றன. 2024 அக்டோபரிலும் நவம்பரிலும் அடுத்தடுத்து மலிவு ஒதுக்கீட்டை வெட்டினார்கள். வெட்டு விழுந்தது சிஎன்ஜி பங்கில். விட்ட இடத்தை விலை கூடிய கேஸ் கொண்டு நிரப்ப வேண்டும். நவம்பர் கடைசியில் மும்பையில் கிலோவுக்கு 2 ரூபாய் ஏறி 77 ஆனது அதனால்தான். அன்றைக்கு அரசு விலை நகரவே இல்லை, 6.5லேயே இருந்தது. விலைப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது, யாருக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

வண்டிக்காரருக்கு இன்னொரு சுமை, சிஎன்ஜிக்கு மத்திய கலால் 14 சதவீதம். அடுப்புக்கு அது இல்லை.

20 டிசம்பர் 2025

இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன், யாரோ எழுப்பியிருக்கிறார்கள். ஜனவரி 1 முதல் குழாய்க் கட்டணம், அதாவது கேஸை ஊர்விட்டு ஊர் கொண்டுவரும் பெரிய குழாய்க்கான கட்டணம், மாறுவது பற்றி.

இதுவரை தேசியக் குழாய்களில் தூரத்தைப் பொறுத்து மூன்று மண்டலம், எம்எம்பிடியுவுக்கு சுமார் 42, 80, 107 ரூபாய். இனி இரண்டே மண்டலம். முதல் மண்டலக் கட்டணம் 54. வீட்டு அடுப்பும் சிஎன்ஜியும் நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் அந்த 54தான். எஸ்சிஎம்மில் பார்த்தால் 80 கொடுத்த ஊருக்கு ஒரு ரூபாய் போல மிச்சம், 107 கொடுத்த ஊருக்கு இரண்டு ரூபாய். கடலோர முனையத்துக்குப் பக்கத்தில் 42 கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு நாற்பத்தைந்து பைசா கூடும். தூரத்து ஆலைக்கு இந்தச் சலுகை கிடையாது, அதற்கு 100க்கு மேல்தான்.

"இரண்டு மூன்று ரூபாய் குறையும்" என்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். உங்கள் ஊர் எந்த மண்டலத்தில் இருந்தது என்று பார்த்துவிட்டுச் சந்தோஷப்படுங்கள். பில்லில் குழாய்க் கட்டணம் தனி வரியாக வராது. ஜனவரிக்கு முன்னும் பின்னும் உள்ள அடிப்படை ரேட்டை எழுதி வைத்துக்கொண்டு, குறைத்தது ஒரு ரூபாயா ஐம்பது பைசாவா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்டால் "சிஸ்டம் அப்டேட் ஆகிறது" என்பார்கள்.